சேவை என்றால் சம்பளம் கிடையாதா?

செப்டம்பர் 24 நாட்டு நலப்பணித் திட்ட நாள். அன்று கல்லூரி மேடைகளில் ஏறும் சிறப்பு விருந்தினர்கள் அநேகமாக ஒரே உரையைத்தான் நிகழ்த்துகிறார்கள். இந்தத் தலைமுறைக்குச் சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது, கைப்பேசியை விட்டுத் தலைநிமிருங்கள், ஊருக்கு ஏதாவது செய்யுங்கள். செம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து படிக்க வரும் பெண்களுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். இந்த உரையைப் பல முறை கேட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகங்களையும் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்தி விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் பூவெடுத்துவிட்டு வந்தவள். இன்னொருத்தி தம்பிக்குச் சோறு கட்டி, படுக்கையில் கிடக்கும் பாட்டியைக் குளிப்பாட்டி, இரண்டு பேருந்து மாறி வந்தவள். இவர்களிடம்தான் சொல்லப்படுகிறது, அடுத்தவருக்காகவும் கொஞ்சம் வாழக் கற்றுக்கொள்ளுங்கள் என்று.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். செய்தால் சான்றிதழ். 2024ஆம் ஆண்டுக்கான தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். நாளுக்கு 289 நிமிடம் என்றால் 240 மணி நேரத்தை ஒரு பெண் ஐம்பதே நாளில் முடித்துவிடுகிறாள். தை மாதம் தொடங்கினால் மாசி முடிவதற்குள் இரண்டு ஆண்டுச் சேவை முடிந்துவிடுகிறது. பங்குனியில் அடுத்ததைத் தொடங்கிவிடுகிறாள். அவளுக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை. அதைச் சேவை என்றுகூட யாரும் சொல்வதில்லை. வீட்டுக்குள் அதற்குப் பெயர் கடமை. அதே கை வாசற்படி தாண்டி அதே வேலையைச் செய்யும்போதுதான் அது சேவையாகிறது. இரண்டு பெயருக்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: கூலி கிடையாது.

சேவையே வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஊர் என்ற ஒன்று இருக்கும்வரை, அந்த ஊருக்காக யாராவது தன் நேரத்தைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ஆனால் 'தன்னார்வம்' என்ற சொல் நம் காலத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, மனமுவந்து கொடுப்பதைக் குறிக்கிறது. மற்றது, கொடுக்க வேண்டிய சம்பளத்தைக் கொடுக்காமலிருக்க உதவுகிறது. இந்த இரண்டாவது வேலை பெரும்பாலும் பெண்கள் மேல்தான் நடக்கிறது. இதைப் பிரித்தறியத் தெரியாமல் எந்தப் பெண்ணும் எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்பதுதான் என் வாதம்.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன், அது என் தொழில். கூலியில்லா உழைப்புக்குத் தமிழில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். ஊரார் கூலியின்றிச் செய்து தீர வேண்டிய உழைப்பு அது. இன்று பயனில்லாத வேலையை 'வெட்டி வேலை' என்கிறோம். காசு தராத வேலையைப் பயனற்றதாகப் பார்க்கும் வழக்கம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உறைந்து கிடக்கிறது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் வாங்கிய கட்டாய உழைப்புக்குப் பெயர் 'ஊழியம்'. அதே சொல்லை இன்று பக்தியோடு உச்சரிக்கிறோம். ஏரி, கண்மாய்களை ஊரே கூடிப் பராமரித்த குடிமராமத்தை நாம் பெருமையாகப் பேசுகிறோம். அந்த ஊர் உழைப்பைச் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவர ஆங்கில அரசு 1858இல் மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டது. சேவைக்கும் கட்டாயத்துக்கும் நடுவிலுள்ள வரப்பு எவ்வளவு எளிதில் வெட்டப்படும் என்பதற்கு இவை சாட்சி.

இன்னொரு சொல்லும் நம்மிடம் உண்டு: ஒப்புரவு. திருக்குறளில் ஈகைக்கு முந்தைய அதிகாரம் ஒப்புரவறிதல். ஒப்பு என்ற சொல் அதற்குள் இருக்கிறது. எனக்கு அதில் கேட்பது, ஊரோடு ஒத்து, ஊரில் ஒருவராக நின்று பகிர்ந்துகொள்ளும் குரல். மேலிருந்து கீழே போடுவதும் கீழிருந்து மேலே செய்வதும் அதில் சேராது. வெட்டியா, ஒப்புரவா? நம்மிடம் கேட்கப்படும் ஒவ்வொரு சேவையையும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் நிறுத்திப் பார்க்கலாம்.

முதலில் அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, காந்தி பிறந்த நாளில், தொடங்கப்பட்டது. குழந்தைக்கு எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பாடம் சொல்வது, கர்ப்பிணியைக் கணக்கெடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஒரு பெண்ணின் வேலை. அந்தப் பெண்ணை அரசு ஆவணம் 'மதிப்பூதியம் பெறும் பணியாளர்' என்றது. மதிப்பு என்ற சொல்லை ஊதியத்தின் முன்னால் ஒட்டிவிட்டால் ஊதியம் குறைந்துவிடும் என்பது விந்தையான கணிதம். ஒன்றிய அரசு தன் பங்கைக் கடைசியாக உயர்த்தியது 2018இல்: பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250. தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட மேல். இங்கே சிறப்பு காலமுறை ஊதியம் இருக்கிறது. அது யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததல்ல. சத்துணவு, அங்கன்வாடிப் பெண்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசல்களில் வெயிலில் உட்கார்ந்து வாங்கியது.

இவர்கள் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. 2022 ஏப்ரல் 25 அன்று அதே நீதிமன்றம், குஜராத்தைச் சேர்ந்த அங்கன்வாடிப் பெண்களின் வழக்கில், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்று எழுதினாலும் அது கூலிதான், இது பகுதிநேர வேலையும் அல்ல என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஒரு பெண் காலையில் போய்ச் செய்வது வேலைதான் என்று நிரூபிக்க 1975லிருந்து 2022 வரை, 47 ஆண்டுகள் ஆகியிருக்கிறது. தொடக்க நாளில் பணியில் சேர்ந்தவர்கள் அதற்குள் பாட்டிகளாகிவிட்டார்கள்.

அடுத்தது ஆஷா. 2005இல் ஊரக சுகாதார இயக்கத்தோடு வந்த திட்டம். நாடு முழுவதும் சுமார் 10 லட்சம் பெண்கள். அரசு விதிப்படி இவர்கள் தன்னார்வலர்கள். செய்த வேலைக்கேற்ப ஊக்கத்தொகை. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு உலக சுகாதாரத் தலைவர்கள் விருது கொடுத்தது. தலைவர்கள் எல்லாம் வாழ்த்துச் செய்தி வெளியிட்டார்கள். விருதுக்குத் தலைவர், வேலைக்குப் பணியாளர், சம்பளத்துக்கு மட்டும் தன்னார்வலர்! பக்கத்து மாநிலமான கேரளத்தில் ஆஷாக்கள் 2025 பிப்ரவரி 10 முதல் தலைமைச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 7,000 ரூபாயை 21,000 ஆக்குங்கள் என்றார்கள். ஐம்பதாவது நாள் தலைமுடியை வெட்டிக்கொண்டார்கள். கல்வியிலும் சுகாதாரத்திலும் நாம் கைகாட்டிப் பேசும் மாநிலத்தில், அப்போது ஆண்டது இடதுசாரி அரசாக இருந்தும், அந்தப் பெண்களின் முடி தெருவில் விழுந்தது. கொடியின் நிறம் மாறினாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை.

நம் வீட்டுக்கு வருவோம். 2021இல் தமிழ்நாட்டில் இரண்டு நல்ல திட்டங்கள் வந்தன. நல்ல திட்டங்கள் என்று மனமறிந்துதான் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம் மக்களைத் தேடி மருத்துவம். செம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு கிழவிக்கு வாசலிலேயே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையும் கையில் கொடுப்பது பெரிய காரியம். அந்தக் காரியத்தைச் செய்பவரின் பெயர் 'பெண் சுகாதாரத் தன்னார்வலர்'. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள்கூலி 273 ரூபாய். அதாவது கண்மாய்க் கரையில் பதினாறரை நாள் மண் வெட்டினால் வரும் பணம், ஒரு மாதம் ஊரார் உயிரைக் கவனித்ததற்கு.

அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்து எழுத்தை மறந்த பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள், மிகப் பெரும்பாலோர் பெண்கள். மாதம் 1,000 ரூபாய். மாலையில் ஒன்றரை மணி நேரம், மாதம் 20 நாள் என்று வைத்தாலும் மணிக்கு 33 ரூபாய். பட்டம் வாங்கி, பி.எட்.டும் முடித்து, ஆசிரியர் வேலைக்குக் காத்திருக்கிற பெண்கள் இதில் சேர்ந்தார்கள். ஏன் சேர்ந்தார்கள்? சேவை உணர்வு இருந்தது, உண்மை. வீட்டை விட்டு வெளியே போக மரியாதையான ஒரு காரணமும் அதில் கிடைத்தது. 'டீச்சர்' என்று நாலு பிள்ளைகள் கூப்பிடுவார்கள். மாமியாரும் மறுக்கமாட்டார். சாயங்காலம்தானே, அடுப்பு வேலைக்கு முன்னால் முடிந்துவிடும். இந்த மூன்று காரணங்களையும் சேர்த்துப் பாருங்கள். வேறு வேலை கிடைக்காத, தூரமாய்ப் போக அனுமதியில்லாத, படித்த பெண்களின் பெருங்கூட்டம் ஒன்று கிராமங்களில் இருக்கிறது. அந்தக் கூட்டம் இருப்பதால்தான் 1,000 ரூபாய்க்கு ஆள் கிடைக்கிறது. நம் முடக்கமே அவர்களுக்குச் சிக்கனம்.

இதே அரசு 2023 செப்டம்பரில் இன்னொரு 1,000 ரூபாயை அறிமுகம் செய்தது. அதற்குப் பெயர் மகளிர் உரிமைத் தொகை. வீட்டில் பெண் செய்யும் கூலியில்லா உழைப்புக்கு அங்கீகாரம் என்று அதற்கு விளக்கமும் சொல்லப்பட்டது. 'உதவித் தொகை' என்னாமல் 'உரிமை' என்று பெயர் வைத்ததை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அந்தச் சொல் தமிழ்ப் பெண்கள் பல தலைமுறை பேசியதன் விளைவு. அதனால்தான் கேட்கிறேன்: வீட்டுக்குள் செய்யும் உழைப்புக்கு உரிமை என்ற சொல் பொருந்தும் என்றால், ஊருக்குள் பாடம் நடத்தும் உழைப்புக்கு ஏன் அந்தச் சொல் பொருந்தாது?

இந்த இடத்தில் எழும் எதிர்ப்பு எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் காசாக்கிப் பார்க்கிறீர்கள், காந்திகிராமம் இருக்கும் மண்ணிலிருந்துகொண்டு இப்படிப் பேசலாமா என்பார்கள். சரி, காந்திகிராமத்தையே எடுத்துக்கொள்வோம். சின்னாளப்பட்டியை ஒட்டி 1947இல் அதைத் தொடங்கியவர் டாக்டர் சௌந்தரம். டி.வி.எஸ். குடும்பத்து மகள், சிறுவயதில் மணமாகி, இளம் வயதிலேயே கணவரை இழந்து, டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து, பிறகு சாதி கடந்து ஜி. ராமச்சந்திரனை மணந்தவர். நம் மேடைகள் அவருடைய கதையில் முதல் பாதியை மட்டும் சொல்லும்: பணக்காரப் பெண் எளிமையாக வாழ்ந்தார், கிராமத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். இரண்டாம் பாதி சுலபமாக மறந்துபோகும். அவர் 1952இல் ஆத்தூர் தொகுதியிலிருந்தும் 1957இல் வேடசந்தூரிலிருந்தும் சட்டமன்றத்துக்குப் போனார். 1962இல் திண்டுக்கல்லிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போய் கல்வித் துறையின் துணை அமைச்சரானார். சேவை செய்த பெண் அதிகாரத்தையும் கேட்டு வாங்கினார். ஊசி போடுவதோடு அவர் நின்றுவிடவில்லை. ஆஸ்பத்திரி எங்கே வர வேண்டும் என்று முடிவு செய்யும் நாற்காலியிலும் உட்கார்ந்தார். சம்பளமில்லாமல் உழைக்கும் வசதி அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லாத பெண்ணிடம் போய் அவரைப்போல் இரு என்று சொல்வது அவருக்கும் மரியாதை இல்லை, இவளுக்கும் மரியாதை இல்லை.

அந்த வசதியே இல்லாத ஒருவரும் இதே மாவட்டத்தில் பிறந்தார். அய்யன்கோட்டையில் 1926இல், நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். சர்வோதய இயக்கத்தில் வளர்ந்தவர். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, அவர் தஞ்சை மண்ணுக்குப் போனார். எரிந்த குடிசைகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத் திரும்பியிருந்தாலும் அது சேவைதான். அவர் நிலத்தைக் கேட்டார். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, பண்ணையார் நிலத்தை விலைக்கு வாங்கி, கூலிக்காரக் குடும்பங்களுக்குப் பிரித்துப் பெண்களின் பெயரில் பதிவு செய்ய வைத்தார். பசித்தவருக்குச் சோறு போட்டால் கும்பிடுவார்கள். நிலம் ஏன் இல்லை என்று கேட்டால் வழக்குப் போடுவார்கள். நம்மிடம் எதிர்பார்க்கப்படுவது முதல் வகைச் சேவை மட்டும்தான்.

சோறு போடுவதிலும் ஒரு ஏற்பாடு உண்டு. தைப்பூசத்துக்கு எங்கள் பக்கச் சாலைகளில் பழனிக்கு நடந்து போகும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வழியெல்லாம் அன்னதானப் பந்தல். பந்தலின் முகப்பில் இருக்கும் ஃபிளக்ஸில் வெள்ளைச் சட்டை ஆண்கள் கைகூப்பி நிற்பார்கள். இலையில் பரிமாறுவதும் ஆண்கள். பந்தலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு மூட்டை வெங்காயத்தைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடிப்பிடித்த அண்டாவுக்குள் பாதி உடம்பை நுழைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பவளும் பெண்தான். புண்ணியம் முன்வாசலில் சேர்கிறது, கரி பின்வாசலில் ஒட்டுகிறது. கல்லூரிச் சிறப்பு முகாம்களும் பல இடங்களில் இப்படித்தான். மாணவிகள் பள்ளிக்கூடத்தைக் கூட்டிக் கோலம் போடுவார்கள், மாணவர்கள் பேரணியில் பதாகை பிடிப்பார்கள். ஏழு நாள் முகாமில் மாணவர்கள் ஊரிலேயே தங்கி, இரவில் ஊர்ப் பெரியவர்களோடு பேசிப் பழகுவார்கள். மாணவிகளில் பலர் இருட்டுமுன் வீட்டுக்கு ஓடிவர வேண்டும், ஏனென்றால் அனுமதியில்லை. ஊரை அறிய வேண்டிய வயதில் அவளுக்கு அங்கேயும் துடைப்பம்தான் கிடைக்கிறது.

அப்படியானால் எது உண்மையான தன்னார்வம்? அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரே ஒரு கேள்வி: நாளைக்கு நீ வராவிட்டால் யாராவது விளக்கம் கேட்பார்களா? வருகைப் பதிவேடு, மேலதிகாரி, இலக்கு, மாத அறிக்கை, வராத நாளுக்குப் பிடித்தம் இவையெல்லாம் இருந்தால் அது வேலை. வேலை என்றால் சம்பளம், விடுப்பு, மகப்பேறு, ஓய்வூதியம். இதை நான் மட்டும் சொல்லவில்லை. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர் என்று அங்கீகரித்து, குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் கொடுங்கள் என்று 2013இல் அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரைத்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பு வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடைசெய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982இலேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், சொல்லிவிட்டது. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 'தன்னார்வலர்' என்ற ஒற்றைச் சொல்தான் அந்தச் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வராதபடி குறுக்கே நிற்கிறது.

இந்தச் சோதனையில் தேறிய சேவையும் நம்மிடம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது எழுதப் படிக்கக் கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். கற்பித்த இளைஞர்கள் உண்மையான தன்னார்வலர்கள். அதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தது; நிரந்தரமான ஓர் ஆசிரியர் பணியிடத்தை நிரப்ப அவர்கள் அழைக்கப்படவில்லை. போன பிறகு ஊரில் ஒன்று மிஞ்சியது: மிதிவண்டி ஏறி, யாரையும் கேட்காமல், சந்தைக்குப் போகும் பெண்கள். சேவை பெற்றவர் அடுத்த முறை சேவைக்குக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனால் அதுதான் ஒப்புரவு.

மாணவிகளே, உங்களிடம் சேவைக்கு ஆள் கேட்டு வருவார்கள். போங்கள். போகும்போது நான்கு கேள்விகளைக் கையோடு கொண்டு போங்கள். இந்த வேலை என்றைக்கு முடியும்? இதற்கு முன் இதைச் சம்பளத்துக்குச் செய்த ஆள் யார், அந்தப் பணியிடம் என்ன ஆயிற்று? இதில் ஆண்கள் எந்த வேலையைச் செய்கிறார்கள்? முடிவெடுக்கும் கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இடத்தில் முழு மனத்தோடு உழையுங்கள். முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வாருங்கள். உங்கள் அண்ணன் தம்பிகளிடமும் சேவை கேளுங்கள். அவர்கள் அந்த 88 நிமிடத்தை இரட்டிப்பாக்கினால், ஊருக்குக் கொடுக்க உங்களிடம் நேரம் மிஞ்சும்.

கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு சேவையும் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நூறு நாள் வேலைப் பெண்களை அழைத்துவந்து உட்கார வைத்து, கையெழுத்து வாங்கி, தேநீர் கொடுத்து முடித்துவிடும் கூட்டமாகப் பல ஊர்களில் அது இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். உங்கள் ஊர் அங்கன்வாடியில் காலியிடம் எத்தனை, வீடு வீடாக வந்து சர்க்கரை பார்க்கும் அக்காவுக்கு மாதம் எவ்வளவு, போன மாதப் பணம் வந்ததா என்று எழுந்து நின்று கேளுங்கள். அவரைப் பணியாளர் என்று அங்கீகரிக்கக் கோரும் தீர்மானத்தை எழுதி, படித்து, பதிவேட்டில் ஏற்ற வையுங்கள். அந்த அக்காவால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த மாதம் வேறொரு தன்னார்வலர் வந்துவிடுவார். உங்களால் கேட்க முடியும். ஒரு மணி நேரம் ஆகும். அதற்கும் சம்பளம் கிடையாதுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நீங்களாகவே, மனமுவந்து கொடுத்திருப்பீர்கள்.